பிட்ஸ்பர்க்கின் இருபது கோடைகள்

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டிகளில் ஓர் அணி ஒவ்வோர் ஆண்டும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இளவேனிலில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை ஏறக்குறைய நாள்தோறும் நடைபெறும் இந்த நெடிய பருவத்தில், தலைசிறந்த அணியும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களைத் தோற்கும், கடைசி இடத்து அணியும் மூன்றில் ஒரு பங்கை வெல்லும் என்பது அவ்விளையாட்டை அறிந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. எனவே 81 வெற்றி, 81 தோல்வி என்ற நடுக்கோட்டை எட்டுவது பெருமைக்குரிய சாதனை அல்ல; ஓர் அணி பிழைத்திருக்கிறது என்பதற்கான குறைந்தபட்ச அடையாளமே அது. அந்தக் கோட்டை எட்டாமல், வெற்றிகளைவிட அதிகத் தோல்விகளுடன் முடியும் ஆண்டைத் தோல்விப் பருவம் என்பர். முழுப் பருவம் நடக்கும் ஆண்டில் 82ஆவது தோல்வியோடு அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அதன்பின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் வென்றாலும் அது மாறாது.

பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்கிலுள்ள பிட்ஸ்பர்க் நகரின் பைரேட்ஸ் அணி, 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் தோல்விப் பருவங்களையே கண்டது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறு எந்த அணிக்கும் இத்தகைய நீண்ட தொடர் நேர்ந்ததில்லை. பூவா தலையா போட்டுப் பார்த்தால் 20 முறையும் தலையே விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ஆகவே இதை வெறும் துரதிருஷ்டம் என்று எவரும் கருதவில்லை. இந்த இருபது ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தங்களுக்கென வேறு அணிகளை வைத்திருந்த ரசிகர்களிடையே அவ்வணியின் மீது மெல்ல வளர்ந்த பரிவு, அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் தனித்துக் கவனிக்கத்தக்கது. ஏனெனில் தோற்பவரிடம் இரங்குவது பேஸ்பாலில் தொடக்கம் முதலே இருந்த வழக்கமன்று.

பைரேட்ஸுக்கு முன் இந்தத் துயரச் சாதனையை வைத்திருந்தது அதே மாநிலத்தின் கிழக்கு முனையிலுள்ள பிலடெல்பியா பில்லீஸ் அணி. 1933 முதல் 1948 வரை தொடர்ந்து 16 தோல்விப் பருவங்களைக் கண்ட அவ்வணி, 1918க்கும் 1948க்கும் இடையே 1932ஆம் ஆண்டில் மட்டுமே நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. பணமில்லாத உரிமையாளர்கள், நன்றாக ஆடத் தொடங்கிய ஒவ்வோர் ஆட்டக்காரரையும் வேறு அணிகளுக்கு விற்றே அன்றாடச் செலவுகளைச் சமாளித்தனர். 1941ஆம் ஆண்டில் அவ்வணி 111 ஆட்டங்களில் தோற்றது. அக்காலத்தில் அதற்குக் கிடைத்தது ஏளனம்தான். பேக்கர் பவுல் என்ற அதன் பழைய மைதானத்தின் வலப்புற மதிலில், பில்லீஸ் அணியினர் பயன்படுத்துவது லைஃப்பாய் சோப் என்ற பெரிய விளம்பரம் இருந்தது. அப்படிக் குளித்தும் நாற்றம் போகவில்லை என்று யாரோ அதன் கீழ் எழுதிச் சென்றதாக வழங்கும் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. நம் வீடுகளின் குளியலறைகளிலும் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த அந்தச் சிவப்பு சோப்பின் பெயர், தொலைதூர நகரம் ஒன்றில் ஓர் அணியின் இழிவுக்கு அடைமொழியானது இப்படித்தான். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933ஆம் ஆண்டு முழுவதும் பில்லீஸின் சொந்த மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரே. சொந்த ஊராரே வந்து பாராத அணிக்காக வெளியூரார் வருந்துவார்கள் என்று எதிர்பார்க்க இடமில்லை.

தோல்வியை அன்போடு நோக்கும் பார்வை பெருமளவில் வெளிப்பட்டது 1962இல் என்று கொள்ளலாம். புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய இரண்டு அணிகளும் 1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தபின், அவற்றை இழந்து தவித்த நியூயார்க் மக்களுக்கு 1962இல் மெட்ஸ் என்ற புதிய அணி கிடைத்தது. பிற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களைக் கொண்டு கட்டப்பட்ட அவ்வணி, முதல் ஆண்டில் 40 ஆட்டங்களை வென்று 120 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் அதைக் காண 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லின் மறு ஆண்டே அந்தத் தோல்விகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை நாடு முழுவதும் படித்தது. நாள்தோறும் வேலைக்குச் சென்று தோற்றுத் திரும்பும் சாதாரண மனிதருக்கு, வெற்றியைத் தவிர வேறொன்றும் அறியாத நியூயார்க் யாங்கீஸைவிட மெட்ஸே நெருக்கமானது என்ற எண்ணம் அக்காலத்து எழுத்துகளில் அழுத்தமாக ஒலிக்கிறது. பிற்காலத்தில் சிகாகோ கப்ஸ் அணியும் இதே வகை அன்பைப் பெற்றது. 1908க்குப் பிறகு 2016 வரை பட்டம் வெல்லாத அவ்வணியின் பகல்நேர ஆட்டங்கள் நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதால், சிகாகோவைக் கண்டிராதவர்களும் அதற்காக ஏங்கக் கற்றுக்கொண்டனர்.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலிருந்தும் பிட்ஸ்பர்க்கின் நிலை வேறுபட்டது. மெட்ஸ் புதிதாகப் பிறந்த அணி. அதன் தோல்வி குழந்தை நடைபழகி விழுவதைப் போன்றது. கப்ஸுக்குப் பட்டம் கிட்டவில்லையே தவிர, இடையிடையே நல்ல ஆண்டுகள் வாய்த்தன. பைரேட்ஸோ பழம்பெருமை மிக்க அணி. 1903இல் நடந்த முதல் உலகத் தொடரிலேயே, அதாவது ஆண்டின் சாம்பியனை முடிவு செய்யும் இறுதிப் போட்டியிலேயே, ஆடிய அணி அது. 1909, 1925, 1960, 1971, 1979 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை அந்தப் பட்டத்தை வென்றிருந்தது. 1960இல் பில் மாசரோஸ்கி ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மதிலுக்கு அப்பால் அடித்த ஹோம் ரன்னால் யாங்கீஸ் வீழ்ந்தது, பேஸ்பாலை நேசிக்கும் எந்த ஊராரும் மறவாத நிகழ்ச்சி. 1971 செப்டம்பர் 1 அன்று, களமிறங்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினருமாக அமைந்த முதல் அணியும் பைரேட்ஸே. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து பதினெட்டுப் பருவங்கள் அவ்வணிக்காகவே ஆடிய ரொபேர்ட்டோ கிளமென்டே, நிகரகுவா நாட்டு நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருள்களைக் கொண்டுசென்றபோது 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். இந்த மரபைத் தம் மரபாகவும் கருதியவர்கள் நாடு முழுவதும் இருந்தனர் என்பதே பிற்காலப் பரிவின் வேர்.

சரிவு தொடங்கிய இரவைத் துல்லியமாகக் குறிப்பிட முடிகிறது. 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பைரேட்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்று, உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் மூன்று முறையும் தோற்றது. மூன்றாவது தோல்வி 1992 அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில் நிகழ்ந்தது. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. பேஸ்பாலில் ஓடுபவர் மூன்று தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டைத் திரும்பத் தொட்டால்தான் ஓர் ஓட்டம் சேரும். அட்லாண்டா பிரேவ்ஸ் ஓர் ஓட்டம் எடுத்துவிட்டது. இருவர் ஆட்டமிழந்து, மூன்று தளங்களிலும் ஓடுபவர்கள் நின்றிருந்த நிலையில், அதிகம் அறியப்படாத பிரான்சிஸ்கோ கப்ரேரா இடப்புறம் அடித்த பந்தில் முதலில் ஒருவர் வந்து சமன் செய்தார். அவருக்குப் பின்னால் சிட் பிரீம் ஓடிவந்தார். முன்னர் பைரேட்ஸுக்கே ஆடியவர் அவர். முழங்கால் சிகிச்சைகளால் வேகம் இழந்தவர். இடப்புறத்திலிருந்து பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்குள் ஒரு நொடியின் சிறு பகுதியில் அவர் சறுக்கி ஹோம் பிளேட்டைத் தொட்டார். ஆட்டம் 3-2 என்று முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போனார். முதன்மைப் பந்தெறிபவரான டக் டிராபெக் ஹூஸ்டனுக்குப் போனார். அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமத்தின் வருவாய் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகர அணிகளுக்குப் பன்மடங்கு அதிகமாகக் கிடைத்ததால், எஃகு ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க்கால் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. 1950இல் ஏறத்தாழ 6 லட்சத்து 76 ஆயிரமாக இருந்த அந்நகரின் மக்கள்தொகை 2010இல் 3 லட்சத்து 5 ஆயிரமாகக் குறைந்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வின் அளவை 1997ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு பைரேட்ஸ் அணி முழுவதற்குமான ஊதியச் செலவு ஏறத்தாழ 90 லட்சம் டாலர்; சிகாகோ வொயிட் சாக்ஸ் அணி ஆல்பர்ட் பெல் என்ற ஒரே ஆட்டக்காரருக்குத் தந்த ஆண்டு ஊதியம் அதைவிட அதிகம். இத்தனைக்கும் பெரும்பாலும் புதுமுகங்களைக் கொண்ட அந்த அணி தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்று, 79 வெற்றி, 83 தோல்வி என்ற நிலையில் நடுக்கோட்டுக்கு மிக அருகில் வந்து நின்றது. இருபது ஆண்டுகளில் நாடு முழுவதன் நேசத்தையும் எளிதில் பெற்ற அணி அதுவே எனலாம்.

ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடங்களைப் பெறும் அணி கீழ்நிலைப் போட்டிக்கு இறக்கப்படும். அமெரிக்காவில் அந்த முறை இல்லை. தோற்கும் அணி தன் இடத்திலேயே நீடிக்கிறது; அத்துடன் அடுத்த ஆண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமையும் பெறுகிறது. வலியவரும் எளியவரும் சுழற்சி முறையில் மேலேறி இறங்க வேண்டும் என்பதே 1965இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் நோக்கம். பிட்ஸ்பர்க்கில் அந்தச் சக்கரம் சுழலவில்லை. 2002இல் நாட்டிலேயே முதல் தேர்வாக அவ்வணி எடுத்த பந்தெறிபவர், பைரேட்ஸுக்காக ஓர் ஆட்டத்தைக்கூட வென்று தரவில்லை. மாறாக, அங்கே வளர்ந்தவர்கள் வேறிடங்களில் பூத்தார்கள். 2003இல் செலவைக் குறைப்பதற்காகக் கப்ஸுக்குக் கொடுக்கப்பட்ட அராமிஸ் ராமிரஸ், அவ்வாண்டே அந்த அணி உலகத் தொடரின் வாயில் வரை செல்லத் துணைநின்றார். 2008இல் டொரான்டோவுக்குப் போன ஹோசே பவுட்டிஸ்டா 2010இல் 54 ஹோம் ரன்கள் அடித்தார். 2006இல் பைரேட்ஸுக்காக ஆடி, தேசிய லீகின் அடித்தாடல் சராசரியில் முதலிடம் பெற்ற பிரெடி சான்செஸ், 2010இல் உலகத் தொடரை வென்ற ஜயன்ட்ஸ் அணியில் இருந்தார்.

பிற அணி ரசிகர்களின் பரிவில் ஒரு கடனுணர்வும் கலந்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஜயன்ட்ஸ் ரசிகரும் கப்ஸ் ரசிகரும் தம் மகிழ்ச்சியின் ஒரு பகுதி பிட்ஸ்பர்க்கின் இழப்பிலிருந்து வந்தது என்பதை அறிந்திருந்தனர். பேஸ்பால் ரசிகர் பெரும்பாலும் பழைய கணக்குகளை மனத்தில் வைத்திருப்பவர். ஓர் ஆட்டக்காரர் எங்கிருந்து, யாருக்கு ஈடாக, எந்த ஆண்டில் வந்தார் என்பதை மறவாதவர். அத்தகைய நினைவாற்றல் உள்ளவரிடம் இரக்கம் எழுவது இயல்பே. அச்சம் தராத எதிரிக்காக இரங்குவதில் இழப்பேதும் இல்லை என்றும், ஆண்டுக்குச் சில வெற்றிகளை எளிதாகத் தரும் அணியை எவரும் நேசிக்கலாம் என்றும் கூறுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஒத்த துயரத்தைத் தாமே அனுபவித்தவர்களின் பரிவை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. 1994 முதல் 2005 வரை 12 தோல்விப் பருவங்களைக் கண்ட டெட்ராய்ட், 1998 முதல் 2011 வரை 14 கண்ட பால்டிமோர், 1985க்குப் பின் 2014 வரை பருவத்துக்குப் பிந்தைய இறுதிச் சுற்றுகளையே காணாத கன்சாஸ் சிட்டி ஆகிய ஊர்களின் ரசிகர்கள் பிட்ஸ்பர்க்கில் தம் முகத்தையே கண்டனர்.

அந்தப் பரிவு யாரை நோக்கியது என்ற கேள்வி முக்கியமானது. 2001இல் அல்லெகெனி ஆற்றங்கரையில் பிஎன்சி பார்க் என்ற புதிய மைதானம் திறக்கப்பட்டது. ரொபேர்ட்டோ கிளமென்டேயின் பெயரைத் தாங்கிய மஞ்சள் பாலமும் அதற்கப்பால் நகரின் உயர்ந்த கட்டடங்களும் இருக்கையிலிருந்தே தெரியும்படி அமைந்த அது, நாட்டின் மிக அழகிய பேஸ்பால் மைதானங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. அவ்வாண்டு அங்கே 24 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் கண்டது 100 தோல்விகளை. 105 தோல்விகளுடன் முடிந்த 2010இலும் 16 லட்சம் பேர் வந்தனர். தம் அணியோடு பயணம் செய்து அம்மைதானத்துக்கு வந்த வெளியூர் ரசிகர்கள், இத்தனை அழகான இடத்தில் இத்தனை ஆண்டுகளாக இவர்கள் எதற்காக வந்து அமர்கிறார்கள் என்று வியந்தனர். பரிவு பிறந்தது அங்கேதான்: இருக்கைகளில் இருந்தவர்களுக்கும் இருக்கைகளில் இருந்தவர்களுக்கும் இடையே.

உரிமையாளர்களுக்கு அது நீட்டிக்கப்படவில்லை. அப்படி நீட்டிக்கப்படாதது நியாயமே. 2007 ஜூன் 30 அன்று உள்ளூர் ரசிகர்கள் பலர், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினர். 2010 ஆகஸ்டில் வெளியான அணியின் கணக்கு ஆவணங்கள், 2007, 2008 ஆகிய தோல்வி ஆண்டுகள் இரண்டிலும் சேர்த்து நிர்வாகம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் லாபம் ஈட்டியதைக் காட்டின. செல்வமிக்க அணிகளின் வருவாயில் ஒரு பகுதியை எளிய அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு 1996 முதல் நடைமுறையில் இருந்தது. அந்தப் பணம் களத்தில் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி அதன்பின் பிற ஊர்களிலும் ஒலித்தது. ஏழ்மையால் நேர்ந்த தோல்வி என்று மட்டும் எண்ணியிருந்தவர்களும் பிட்ஸ்பர்க் மக்களின் சினத்தைப் புரிந்துகொண்டனர்.

2009 செப்டம்பர் 7 அன்று கப்ஸிடம் தோற்றபோது பைரேட்ஸுக்கு அது அவ்வாண்டின் 82ஆவது தோல்வி. தொடர்ந்து 17ஆவது தோல்விப் பருவம். பில்லீஸின் பழைய சாதனை அன்று முறிந்தது. அந்தப் பில்லீஸ் அப்போது, 2008இல் உலகத் தொடரை வென்ற நடப்புச் சாம்பியன். பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸும் பனி ஹாக்கி அணியான பெங்குவின்ஸும் அதே 2009இல் தத்தம் பட்டங்களை வென்றிருந்தன. ஒரே நகரில் வெற்றி ஊர்வலங்களும் வரலாறு காணாத தோல்வியும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததால், பைரேட்ஸின் நிலை மேலும் வெளிச்சத்துக்கு வந்தது. அக்காலத்தில் அவ்வணிக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு ஏற்பட்டிருந்தது. பந்தெறியும் திறனை அளக்க இந்தியாவில் நடத்தப்பட்ட தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியே கண்டறியப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேச இளைஞர்கள் இருவரை 2008 நவம்பரில் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸே. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி 2014இல் வெளிவந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான்.

தொடரின் இறுதி ஆண்டுகளே மிகக் கொடியவை, ஏனெனில் அவற்றில் நம்பிக்கை இருந்தது. 2011 ஜூலையில் முதலிடத்துக்குப் போட்டியிட்ட அணி, அம்மாதம் 26 அன்று அட்லாண்டாவில் 19 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தை, ஹோம் பிளேட்டில் நடுவர் அளித்த ஒரு தவறான தீர்ப்பால் இழந்தது. அத்தீர்ப்பு தவறு என்பதைப் போட்டி நிர்வாகமே பின்னர் ஒப்புக்கொண்டது. அந்த நாளுக்குப் பின் அணி சரிந்து 90 தோல்விகளுடன் முடிந்தது. 2012 ஆகஸ்டில் தோல்விகளைவிட 16 வெற்றிகள் கூடுதலாகப் பெற்று நின்ற அணி, எஞ்சிய வாரங்களில் தளர்ந்து 79 வெற்றி, 83 தோல்வி என்று இருபதாவது முறையும் கோட்டுக்குக் கீழே விழுந்தது.

2013 செப்டம்பர் 9 அன்று டெக்சஸில் 1-0 என்று வென்றபோது பைரேட்ஸ் 82ஆவது வெற்றியை எட்டியது. இறுதிச் சுற்றுகளுக்கான தகுதி அதே மாதம் 23 அன்று சிகாகோவில் உறுதியானது. அந்த ஆட்டத்தின் கடைசி நிகழ்வை வரலாற்றாசிரியர் எவரும் தவற விடலாகாது: ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்ய ஓடிவந்த கப்ஸ் ஆட்டக்காரரைப் பைரேட்ஸின் எறிதல் முந்திவந்து ஹோம் பிளேட்டில் ஆட்டமிழக்கச் செய்தது. இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் பிரீம் தொட்டதும் இதே போன்ற ஹோம் பிளேட்டைத்தான். இம்முறை பந்து முதலில் வந்தது. அக்டோபர் 1 அன்று பிஎன்சி பார்க்கில் கறுப்பு உடையணிந்த 40,487 பேர் முன்னிலையில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியைப் பைரேட்ஸ் 6-2 என வென்றது. சின்சினாட்டியின் பந்தெறிபவர் ஜானி குவெட்டோவின் பெயரைக் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் நீட்டி முழங்கியபோது, அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்ததும், அடுத்த பந்தையே பைரேட்ஸின் ரசல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்ததும் பிட்ஸ்பர்க்குக்கு வெளியிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட காட்சிகள். அந்த வாரம் சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் நகரங்களின் ரசிகர்களிடம் பரிவை எதிர்பார்க்க முடியாது; தம் அணி ஏற்கெனவே வெளியேறிவிட்ட பிற ஊரார் பலர் பைரேட்ஸுக்காக அமர்ந்து பார்த்தனர். அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸிடம் ஐந்து ஆட்டங்களில் பைரேட்ஸ் தோற்றது. ஆயினும் தேசிய லீகில் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவ்வணியின் ஆண்ட்ரூ மக்கச்சனுக்கே கிடைத்தது.

2014இலும் 2015இலும் பைரேட்ஸ் மீண்டும் இறுதிச் சுற்றுகளைக் கண்டது. அதன்பின் பழைய முறையே திரும்பியது. மக்கச்சன் 2018 ஜனவரியில், பாண்ட்ஸ் போன அதே சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பப்பட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து 2023இல் அவர் பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பி வந்தார். அவ்வாண்டு அணி 86 ஆட்டங்களில் தோற்றது, மறு ஆண்டும் 86 ஆட்டங்களில் தோற்றது.